மார்பக அறுவைக்குப் பின் தாம்பத்தியம்: வாசிப்பு தரும் துணிவு

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை பெற்றவர்கள் மறுபரிசோதனைக்கு வரும்போது, தையல் ஆறியதா, கையை உயர்த்த முடிகிறதா என்று கேட்கிறோம். நாங்கள் கேட்காமலும் அவர்கள் சொல்லாமலும் ஒன்று எஞ்சிவிடுகிறது. கண்ணாடி முன் நிற்கத் தயக்கம். விளக்கை அணைத்த பின்னரே உடை மாற்றும் பழக்கம். கணவர் தொட்டால் விலகும் கூச்சம். அதைப் பற்றியே இங்குப் பேசுகிறோம்.

உடலில் நிகழ்வது என்ன?

மார்பகத்தை அகற்றும்போது தோலுக்குச் செல்லும் நரம்புகள் அறுபடுவதால் அவ்விடம் மரத்துப்போகிறது. கீமோதெரபி சோர்வைத் தரும். சிலருக்கு மாதவிடாய் முன்கூட்டியே நின்றுவிடும். ஹார்மோன் சிகிச்சையால் பிறப்புறுப்பு வறண்டு, உறவின்போது வலிக்கலாம். நீர் கலந்த வழவழப்பு ஜெல் இதற்கு உதவும். ஈஸ்ட்ரோஜன் கலந்த களிம்பையோ கருத்தடை மாத்திரையையோ புற்றுநோய் மருத்துவரைக் கேளாமல் பயன்படுத்தலாகாது. உறவினால் புற்றுநோய் கணவருக்குத் தொற்றாது.

மனத்தில் நிகழ்வது என்ன?

'இனி நான் முழுமையான பெண் அல்லள்' என்னும் எண்ணத்தை எந்தக் களிம்பும் ஆற்றாது. அது அறுவையால் வந்ததன்று; பெண்ணின் மதிப்பை அவள் தோற்றத்தால் அளக்கும் வழக்கத்தால் வந்தது. இவ்விரண்டையும் பிரித்துக் காண்பதற்குப் பெண்ணிய எழுத்து துணைசெய்கிறது.

அமெரிக்கக் கவிஞர் ஆட்ரி லார்ட் 1978இல் தம் வலது மார்பகத்தை இழந்தார். தையல் பிரிக்கப் பத்தாம் நாள் சென்றபோது, செயற்கை மார்பகம் அணியாமல் வந்தால் அங்குள்ள பிறரின் மனவுறுதி குலையும் என்று செவிலியர் ஒருவர் கடிந்துகொண்டார். இதை 1980இல் வெளியான 'தி கேன்சர் ஜர்னல்ஸ்' நூலில் லார்ட் எழுதினார். போரில் கண்ணிழந்த இஸ்ரேலியத் தளபதி மோஷே தயானின் கறுப்புக் கண்மறைப்பை உலகம் வீரத்தின் அடையாளமாகவே கண்டது. பெண்ணின் தழும்பை மட்டும் மறைக்கச் சொல்வது ஏன் என்பது அவர் கேள்வி. அறுவைக்குச் சற்று முன், அதே ஆண்டில் அவர் வாசித்த கட்டுரை ஒன்று, காம உணர்வைப் பெண்ணின் உள்ளே உறையும் ஆற்றல் என்றது. தமிழில் குட்டி ரேவதியின் 'முலைகள்' (2002) கவிதைத் தொகுப்பு, தன் உடலைப் பற்றிப் பேசும் உரிமை பெண்ணுக்கே உண்டு என்பதை விவாதப் பொருளாக்கியது.

செயற்கை மார்பகம் அணிவது தவறு என்று நாங்கள் கூறவில்லை. அணிவதும் அணியாததும் தங்கள் விருப்பமாக இருக்கட்டும். பிறர் கண்ணுக்கு அஞ்சி எடுத்த முடிவாக வேண்டா.

எவ்வாறு தொடங்கலாம்?

நாளுக்கு இரண்டு பக்கம் போதும். மனத்தைத் தொட்ட கருத்தைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். பின்னர்த் தழும்பின்மீது தாங்களே எண்ணெய் தடவிப் பழகுங்கள். புண் முழுதும் ஆறியிருத்தல் வேண்டும். விரும்பும்போது கணவரிடம் அக்குறிப்பைக் காட்டுங்கள். வாயால் சொல்லத் தயங்குவதை எழுத்து சொல்லிவிடும்.

கணவன்மார்களுக்கு ஒரு சொல்: நோகுமோ என்று அஞ்சி விலகி நின்றால், தம்மை வெறுப்பதாக மனைவி எண்ணக்கூடும். எங்கே தொடலாம், எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். அவசரம் வேண்டா.

வாசிப்பு மருத்துவத்துக்கு மாற்றன்று. வலியோ மனச்சோர்வோ நீடித்தால் எங்களிடம் கூறுங்கள். அடுத்த பரிசோதனையில் நாங்களே கேட்கவும் முயல்வோம்.