லோத் நதிக்கரையில் சரளைப் பாதை

பிரான்சின் தென்மேற்கே பாயும் லோத் நதி நேராக ஓடுவதே இல்லை. கஹோர் நகரை மூன்று பக்கமும் வளைத்துவிட்டுத்தான் மேற்கே நகர்கிறது. கரையெங்கும் மால்பெக் திராட்சைத் தோட்டங்கள். கஹோர் என்ற பெயரில் விற்கும் ஒயினில் குறைந்தது 70 சதவீதம் இந்தத் திராட்சைதான் இருக்க வேண்டும். அடர்ந்த நிறத்தால் அதற்குக் 'கறுப்பு ஒயின்' என்றும் பெயர்.

தோட்டங்களைத் தாண்டி மேலே ஏறினால் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம், வெள்ளைச் சரளைப் பாதைகள். ரேஸ் சைக்கிளின் ஒல்லி டயர் இங்கே சறுக்கும். சரளைப் பாதைக்கென்றே செய்த கிராவல் சைக்கிளுக்கோ சுமார் 40 மில்லிமீட்டர் அகல டயர். காற்றையும் கொஞ்சம் குறைத்தே அடிப்பார்கள். டயர் அமுங்கிக் கல்லைப் பற்றிக்கொள்ளும், கையும் அவ்வளவாக அதிராது.

நதிக்கரையில் இருக்கும் புசியெஸ் ஊர்ப் பக்கம் போனால் அவசியம் இறங்கிவிடுங்கள். சரக்குப் படகுகளைக் கயிறு கட்டி இழுத்துச் செல்வதற்காக, 19ஆம் நூற்றாண்டில் செங்குத்துப் பாறையைக் குடைந்து ஆற்றோரமாக ஒரு வழி வெட்டியிருக்கிறார்கள். தலைக்கு மேலே பாறை, பக்கத்திலேயே தண்ணீர். எத்தனை பேர் உழைப்பு அது! சைக்கிளை உருட்டிக்கொண்டு நிதானமாக நடந்தே பார்க்க வேண்டிய இடம்.

செப்டம்பர் கடைசியில் போகிறவர்கள் தோட்டப் பாதைகளில் கவனமாக இருங்கள். அது அறுவடைக் காலம். எதிரே டிராக்டர் வந்தால் ஒதுங்கி வழிவிடுங்கள்.