மெய்யறியும் கல்வி

நம் அன்பர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இப்போது தாதிமை, இயன்முறைச் சிகிச்சை, எக்ஸ்ரே துறை என்று சுகாதாரப் படிப்புகளில் சேர்ந்து வருகின்றனர். பாசிர் ரிஸ்ஸிலிருந்து அதிகத் தொலைவில்லாத பொங்கோலில் 2024ஆம் ஆண்டு சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தின் புதிய வளாகம் திறக்கப்பட்ட பின், எங்கள் வட்டாரப் பெற்றோர் இதைப் பற்றி அடிக்கடி விசாரிக்கிறார்கள். எந்தத் துறையில் சேர்ந்தாலும் முதலாண்டில் இவர்கள் எதிர்கொள்ளும் பாடம் ஒன்று உண்டு. அதுதான் உடற்கூற்றியல். ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியன் என்ற முறையில் அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

இப்பாடத்தின் முதல் விதி நமக்குப் புதிதன்று. மனிதன் நிமிர்ந்து நின்று, நேரே பார்த்து, உள்ளங்கைகளை முன்புறம் காட்டியபடி இருப்பதாகக் கொண்டுதான் எல்லாவற்றையும் விவரிப்பார்கள். வலம், இடம் என்பவை பார்க்கிறவருடையவை அல்ல, அந்த உடலுக்குரியவை. கருவறையின் முன் நிற்கும் நாம் முருகப்பெருமானின் வலக்கரம் அபயம் காட்டுகிறது என்கிறோம். அது நம் கண்ணுக்கு இடப்புறத்தில் தெரிகிறது. இதை ஒருமுறை எங்கள் புளோக்கில் இருக்கும் ஒரு மாணவியிடம் சொன்னேன். "இதை முதல் வாரமே யாராவது சொல்லியிருக்கலாம், சார்" என்றாள்.

அடுத்து எலும்புகள். வளர்ந்த மனிதனுக்கு 206. அவற்றுள் ஒரு கைக்கு, மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரை, 27. ஒரு பாதத்துக்கு 26. இரு கைகளும் இரு பாதங்களும் சேர்ந்து 106 ஆகின்றன. அதாவது பாதிக்கும் மேற்பட்ட எலும்புகள், நாம் கும்பிடும் கையிலும் பிரகாரம் சுற்றும் காலிலுமே இருக்கின்றன. பெயர்கள்தாம் பிள்ளைகளை மிரட்டுகின்றன. பெரும்பாலும் இலத்தீனும் கிரேக்கமும். தமிழில் நம் முன்னோர் கழுத்தணியான காறையை வைத்துக் காறையெலும்பு என்றார்கள். உட்செவியை நோக்கிச் செல்லும் மூன்று சின்னஞ்சிறு எலும்புகளுக்குத் தமிழ்ப் பாடநூல்களில் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று பெயர். இலத்தீன் பெயர்களும் இத்தகையவையே. பொருளைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் மறக்காது. பொருள் அறியாமல் நெட்டுருப் போடுவதை நான் என்றுமே ஆதரித்ததில்லை. படம் வரைய வேண்டும், வாய்விட்டுச் சொல்ல வேண்டும், தன் உடலிலேயே தொட்டுப் பார்க்க வேண்டும். தேர்வுக்கு முந்திய இரவில் மட்டும் படித்து இப்பாடத்தைக் கரையேற்ற முடியாது.

இவ்வளவு பாடுபட்டு அறிவதால் என்ன பயன்? சுண்டல் தின்னும் சிறுபிள்ளைக்குக் கடலை மூச்சுக்குழலுக்குள் போய்விட்டால், அது பெரும்பாலும் வலப்பக்கத்துக் கிளைக்குள்தான் விழும். அக்கிளை சற்று அகலமானது, செங்குத்தானது. குரல்வளைக்குச் செல்லும் ஒரு நரம்பு, இடப்பக்கத்தில் மார்புக்குள் இறங்கி, பெருந்தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு மீண்டும் கழுத்துக்கு ஏறுகிறது. ஆகவே மார்புக்குள் ஏற்படும் நோய்கூடத் தேவாரம் பாடுபவரின் குரலைக் கம்மச் செய்துவிடக்கூடும். புட்டத்தில் ஊசி போடும் தாதி ஏன் மேற்புற வெளிப்பக்கத்தைத் தேடுகிறார்? உடலிலேயே மிகத் தடிமனான நரம்பு அதற்குக் கீழே, உட்புறமாக ஓடுகிறது. அதில் ஊசி பட்டால் நோயாளியின் கால் செயலிழக்கக்கூடும். தேர்வில் ஒரு மதிப்பெண் போவது வேறு, இது வேறு.

இக்கல்வி மேனாட்டுச் சரக்கு என்று சிலர் நினைக்கின்றனர். சுசுருத சம்ஹிதை, இறந்த உடலைப் புல்லால் சுற்றிக் கூண்டில் வைத்து, ஓடும் நீரில் ஏழு இரவுகள் ஊறவிட்டு, பிறகு மெல்லத் தேய்த்து அடுக்கடுக்காகக் கண்ணால் கண்டறியச் சொல்கிறது. அந்நூல் கூறும் எலும்புகள் 300. பற்களையும் குருத்தெலும்புகளையும் சேர்த்து எண்ணியது இதற்கு ஒரு காரணம். நாளடைவில் அவ்வழக்கம் நம்மிடையே அருகிப்போனது. 1836இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வைத்தியப் பண்டிதர் மதுசூதன குப்தர் உடலை அறுத்துப் பயிலத் துணிந்தது, அக்காலத்தில் பெரும் பரபரப்பை உண்டாக்கியது.

தமிழுக்கு இதில் தனிப்பெருமை உண்டு. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடிப் போய்விடுகிறார்கள், கிராமத்துக்கு வைத்தியர் இல்லை என்று கண்டு, தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். மாணவர்கள் தம் நாட்டு உடையையும் உணவையும் விட்டுவிடலாகாது என்பதிலும் உறுதியாக இருந்தார். உலகப் புகழ்பெற்ற கிரேயின் உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் 1872இல் தமிழில் வெளிவந்தது. அவரிடம் பயின்று வைத்தியரானோர் அறுபதுக்கும் மேற்பட்டோர். அவர் சமயம் பரப்ப வந்தவர் என்பது உண்மைதான்; அதற்காக அவர் தமிழுக்குச் செய்ததை மறுப்பது முறையாகாது.

நம் சிங்கப்பூரில் மருத்துவப் பள்ளி 1905இல், சிப்பாய் லைன்ஸ் பகுதியில், 23 மாணவர்களுடன் தொடங்கியது. வணிகர் டான் ஜியாக் கிம் தலைமையில் பொதுமக்கள் திரட்டிக் கொடுத்த 87,077 வெள்ளி அதற்கு மூலதனம். நன்கொடையாளர்களாகிய அன்பர்களுக்கு இத்தொகையை நினைவூட்டுவதில் எனக்கு மகிழ்ச்சி.

ஆனால் பணத்தால் மட்டும் இப்பாடம் நடந்துவிடாது. பல்வேறு துறை மாணவர்கள் மாதிரிப் பொம்மைகளையும், நீரும் கொழுப்பும் நீக்கிப் பிளாஸ்டிக் ஏற்றப்பட்ட உடற்பகுதிகளையும் கொண்டு படிக்கிறார்கள். அவை பயனுள்ளவையே. இருந்தாலும் புத்தகத்தில் தமனி சிவப்பு, சிரை நீலம், நரம்பு மஞ்சள் என்று இருப்பது போல் மெய்யான உடலில் இருப்பதில்லை. ஒருவருக்கு இருக்கும் கிளை இன்னொருவருக்கு வேறிடத்தில் இருக்கும். அதைக் காட்டித் தருபவர் உடலை ஈந்தவரே. மௌன ஆசான் என்று அவரைப் போற்றுகிறார்கள். ஒரு காலத்தில் இங்கே படிப்புக்குக் கிடைத்தவை பெரும்பாலும் உரிமை கோர ஆளில்லாத உடல்கள். உற்றார் இல்லாமல் மறைந்தவர்களிடம்தான் பல தலைமுறை மருத்துவர்கள் பாடம் கேட்டார்கள்.

1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 18 வயது நிரம்பிய எவரும் தம் உடலை மருத்துவக் கல்விக்கு எழுத்து மூலம் கொடுக்கலாம். கடைசி நோயின்போது இரண்டு சாட்சிகள் முன் வாய்மொழியாகவும் கூறலாம். சிறுநீரகம் முதலியவற்றை எடுத்துப் பிறருக்குப் பொருத்துவது பற்றிய 1987ஆம் ஆண்டுச் சட்டம் வேறு. அது நாமாக மறுக்காத வரை பொருந்துவது. இதுவோ நாமாக விரும்பி முன்வர வேண்டியது. இரண்டையும் பலர் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

நம்மவர்களின் தயக்கம் எனக்குத் தெரியாததன்று. கொள்ளி வைக்க வேண்டும், கருமாதி செய்ய வேண்டும், அஸ்தியைக் கரைக்க வேண்டும். இந்திரனுக்கு வஜ்ஜிராயுதம் செய்யத் தம் எலும்பையே தந்த ததீசி முனிவரின் கதையைப் பிரசங்கத்தில் கேட்டு உருகும் நாம், வீட்டில் தாத்தா இப்படியொரு விருப்பத்தைச் சொன்னால் பேச்சை மாற்றிவிடுகிறோம். படிப்பு முடிந்த பின் உடல் எரியூட்டப்படுகிறது. ஆனால் அதற்குச் சில ஆண்டுகள்கூட ஆகலாம். அத்தனை நாள் காத்திருக்க மனம் ஒப்பாத குடும்பத்தை யாரும் குறை சொல்ல முடியாது. கொடுக்க நினைப்பவர் அஸ்தி எப்போது, எவ்விதம் கிடைக்கும் என்பதைப் பல்கலைக்கழகத்திடம் முன்னதாகவே கேட்டு, பிள்ளைகளை உட்கார வைத்துப் பேசிவிட வேண்டும். ஏனெனில் அந்த நேரத்தில் தொலைபேசியை எடுத்துத் தகவல் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தாம். தொற்றுநோய், பிரேதப் பரிசோதனை முதலிய காரணங்களால் உடல் ஏற்கப்படாமலும் போகலாம். ஆகையால் வழக்கமான ஈமக்கிரியைக்கும் வேண்டிய ஏற்பாட்டைக் குடும்பத்தார் யோசித்து வைத்திருப்பது நல்லது.