உறக்கத்தில் தடைப்படும் மூச்சு

முன்னுரை

உணவும் உறக்கமும் உயிர்வாழ்வுக்கு இன்றியமையாதன. உறக்கத்தை இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாகத் திருமறை காட்டுகிறது. ஆயினும், உறக்கம் என நாம் கருதுவதெல்லாம் உறக்கமன்று. படுத்தவுடன் கண்ணயர்ந்து வீடே அதிரக் குறட்டை விடுபவரைப் பார்த்து, 'கவலையற்ற மனிதர், ஆழ்ந்து உறங்குகிறார்' என்கிறோம். மறுநாள் அவரே வகுப்பிலோ ஜும்ஆ பயானிலோ தலைசாய்த்தால், 'கும்பகருணன்' என நகைக்கிறோம். இரவு முழுவதும் உறங்கியவர் பகலிலும் உறங்குவது ஏன்? இவ்வினாவுக்கு மருத்துவம் தரும் விடைகளுள் தலையாயது 'ஸ்லீப் ஆப்னியா' எனப்படும் உறக்க மூச்சுத்தடை நோய். அதன் இயல்பையும் தீர்வையும் இங்குக் காண்போம்.

நோயின் இயல்பு

'ஆப்னியா' என்பது மூச்சின்மையைக் குறிக்கும் கிரேக்க வழிச் சொல். நாம் விழித்திருக்கையில் தொண்டைத் தசைகள் மூச்சுவழியைத் திறந்து வைத்திருக்கின்றன. உறங்கும்போது அவை தளர்கின்றன. நாக்கும் பின்னோக்கிச் சரிகிறது. வழி குறுகும்போது, அதனூடே செல்லும் காற்று மென்மையான தசைகளை அதிரச் செய்கிறது, இதுவே குறட்டை. வழி முற்றிலும் அடைபட்டால், நெஞ்சு எவ்வளவு முயன்றாலும் காற்று உட்செல்வதில்லை. 10 வினாடியோ அதற்கு மேலோ இந்நிலை நீடிக்கலாம். குருதியில் பிராணவாயு குறைகிறது. உடனே மூளை உறக்கத்தைக் கலைக்கிறது. திணறலோடு மூச்சு மீள்கிறது. மீண்டும் உறக்கம், மீண்டும் தடை.

மூச்சு இவ்வாறு நிற்பதும் குறைவதும் மணிக்கு 5 முதல் 15 முறை வரை நிகழின் நோய் இலேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரமானது. 30-க்கு மேல் கடுமையானது. மணிக்கு 30 முறை என்றால் 7 மணி நேர உறக்கத்தில் 210 முறை மூச்சு தடைப்படுகிறது. வியப்பு யாதெனில், அக்கணநேர விழிப்புகளுள் பெரும்பாலானவை உறங்குபவர் நினைவில் நிற்பதில்லை. 'நன்றாகத்தான் உறங்கினேன்' என்றே அவர் சொல்வார். அது பொய்யன்று, அறியாமை.

தொண்டை அடைபடாமலே, மூச்சிழுக்குமாறு மூளை இடும் கட்டளை தவறுவதால் நேரும் வகையும் உண்டு, அது அரிது.

யாருக்கு வரும்?

உடற்பருமன், பருத்த கழுத்து, சிறிய தாடை, மது, உறக்க மாத்திரை ஆகியன இந்நோய்க்குத் துணைபோவன. ஆண்களிடம் மிகுதி, மாதவிடாய் நின்ற பின் பெண்களிடமும் பெருகுகிறது. சிறுவர்க்கு வீங்கிய டான்சில், அடினாய்டு ஆகியவை பெரும்பாலும் காரணம். தாடை அமைப்பின் காரணமாக, ஆசியரிடையே பெரிதும் பருமனில்லாதவர்க்கும் இது வருவதுண்டு.

இந்தியாவில் உழைக்கும் வயதினருள் சுமார் 10 கோடிப் பேருக்கு இந்நோய் இருக்கக்கூடும் என்பது தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பின் மதிப்பீடு. புகழ்பெற்ற இசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரியில் மும்பையில் மறைந்தபோது, மருத்துவர்கள் இந்நோயையே காரணமாகக் கூறினர். அதன் பின்னரே இப்பெயரைப் பலர் முதன்முறையாகக் கேள்வியுற்றனர்.

விளைவுகள்

இரவுதோறும் பிராணவாயு குறைவதால் இரத்த அழுத்தம் உயர்கிறது. இதயத் துடிப்பு பிறழ்தல், பக்கவாதம், நீரிழிவு ஆகியவற்றோடும் இந்நோய் தொடர்புடையது. காலைத் தலைவலி, மறதி, எரிச்சல், கவனக் குறைவு ஆகியன பகலில் தோன்றும் அடையாளங்கள். சிறுவரிடம் இது தூக்கக் கலக்கமாக அன்றிக் குறும்பாகவும் படிப்பில் நாட்டமின்மையாகவும் வெளிப்படலாம்.

தீங்கு நோயுற்றவரோடு நின்றுவிடுவதில்லை. பௌர்ணமி இரவுகளில் அடி அண்ணாமலை வழியாக 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் மக்கள் வெள்ளம் நடக்கிறது. அவர்களை ஊர் திரும்பச் சுமந்து செல்லும் ஓட்டுநர்களோ விடியற்காலையில் வண்டியெடுக்கின்றனர். இயல்பாகவே உறக்கம் அழுத்தும் அவ்வேளையில், பல மாதங்களாக உண்மையான உறக்கமே காணாத ஒருவர் கையில் வண்டியின் வளையம் இருந்தால் விளைவு என்னாகும்? கண்கள் ஒரு கணம் மூடினால் போதும்.

கண்டறிதலும் தீர்வும்

காது மூக்கு தொண்டை மருத்துவரையோ நுரையீரல் மருத்துவரையோ அணுகினால் உறக்கப் பரிசோதனைக்குப் பரிந்துரைப்பார். மூளை அலை, மூச்சோட்டம், நெஞ்சசைவு, குருதியின் பிராணவாயு ஆகியவற்றை ஓரிரவு முழுதும் கருவிகள் பதிவு செய்யும். வீட்டிலேயே செய்யத்தக்க எளிய சோதனைகளும் உள்ளன.

கழுத்தில் துளையிட்டு மூச்சுவழி அமைப்பதே ஒரு காலத்தில் கடுமையான நோய்க்கு உறுதியான தீர்வாக இருந்தது. ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981-இல் அந்நிலையை மாற்றினார். மூக்கில் பொருத்திய முகமூடி வழியே சீரான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, தொண்டை மூடாமல் காக்கும் முறையை அவர் உலகுக்கு அறிவித்தார். இன்று 'சிபாப்' என வழங்கும் கருவி அதுவே. அது ஊட்டுவது மருந்தன்று, அறையின் காற்றே. கண்ணாடி பார்வைக்கு உதவுவதுபோல, அணிந்திருக்கும் வரையே அது பயன் தரும். ரமலானில் தராவீஹுக்குப் பின்னும் ஸஹருக்குப் பின்னும் உறக்கத்தைப் பகுத்துக்கொள்வோர் ஒவ்வொரு முறையும் அதை அணிதல் வேண்டும். முகமூடி உறுத்தினால் அளவை மாற்றலாம், கருவியைக் கைவிடலாகாது.

எடை குறைத்தல், ஒருக்களித்துப் படுத்தல், மூக்கடைப்பைச் சரிசெய்தல் ஆகியன துணை வழிகள். கீழ்த்தாடையை முன்தள்ளி வைக்கும் பற்கருவி சிலர்க்கு உதவும். சிறுவர் பலர்க்கு டான்சில், அடினாய்டு அகற்றும் அறுவை நற்பயன் தருகிறது. உடற்பருமனோடு இந்நோயும் உடைய பெரியவர்க்கு 'டிர்செபடைடு' என்னும் ஊசிமருந்தை அமெரிக்கா 2024 டிசம்பரில் ஏற்றது. எது யாருக்குப் பொருந்தும் என்பதை மருத்துவரே முடிவு செய்வார்.

முடிவுரை

பிற நோய்களை நோயுற்றவரே முதலில் உணர்கிறார். இந்நோயையோ பெரும்பாலும் அருகில் இருப்பவரே முதலில் அறிகிறார். மனைவியோ, மகனோ, விடுதியறை நண்பரோ கேட்டுச் சொன்னாலன்றி அவருக்குத் தெரிய வழியில்லை. குறட்டை விடுவோர் அனைவரும் நோயாளர் அல்லர். குறட்டை திடீரென நின்று, அமைதிக்குப் பின் திணறலோடு மீளுமாயின், நகையாடாமல் எடுத்துரைப்போம். நோன்பின் களைப்பு, வயதின் தளர்ச்சி எனத் தள்ளிப் போடாமல் பெரியவர்களை மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். வகுப்பில் உறங்கும் மாணவனைச் சோம்பேறி எனத் தூற்றுமுன், 'இரவில் உறங்குகிறாயா?' என ஒரு சொல் கேட்பது ஆசிரியராகிய நம் கடமை.