காய்ச்சலும் கணினியும்

வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆன பிறகு, உடம்பு சரியில்லாத நாளும் வேலை நாளாகிவிட்டது. லீவு போடுவதா, லேப்டாப்பைத் திறப்பதா?

காலை மணி எட்டு. தெர்மாமீட்டர் 101 டிகிரி காட்டுகிறது. தொண்டையில் எரிச்சல், கண்களுக்குப் பின்னால் வலி. பெங்களூரு வெளிவட்டச் சாலையிலோ, குருகிராமிலோ, புனேயின் ஹிஞ்சவாடியிலோ உள்ள அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஊழியர் படுக்கையில் இருந்தபடியே மேலதிகாரிக்குச் செய்தி அனுப்புகிறார்: "உடம்பு சரியில்லை. இன்று வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன்." ஒரே நிமிடத்தில் பதில்: "நன்றாக ஓய்வெடுங்கள். 11 மணி மீட்டிங்கில் மட்டும் கலந்துகொண்டால் போதும்."

நாட்டின் எந்தப் பெருநகரத்திலும் இன்று சகஜமான காட்சி இது. இரண்டு செய்திகளிலும் பொய் இல்லை. ஆனால் ஓய்வும் மீட்டிங்கும் எப்படி ஒன்றாக நடக்கும் என்று இருவருமே கேட்டுக்கொள்வதில்லை. உட்காரத் தெம்பு இருக்கும்போது லீவை ஏன் வீணடிக்க வேண்டும் என்பது ஊழியரின் கணக்கு. வீட்டில்தானே இருக்கிறார், அலைச்சல் இல்லையே என்பது அதிகாரியின் கணக்கு. இந்த இரு கணக்குகளுக்கும் நடுவில், உடம்பு சரியில்லாத நாள் என்ற ஒன்றே காலண்டரிலிருந்து மெல்ல மறைந்துவருகிறது.

2020 மார்ச் 25-ல் ஊரடங்கு தொடங்குவதற்கு முன்பு பெரும்பாலோருக்கு இந்தக் குழப்பம் இருந்ததில்லை. ஜுரம் வந்தால் இரண்டே வழிதான். அலுவலகம் போக வேண்டும், அல்லது லீவு போட வேண்டும். மூக்கைச் சிந்திக்கொண்டே வந்து உட்காருபவருக்குக் கடமை தவறாதவர் என்ற பெயரும் கிடைத்தது. ஊரடங்கு மூன்றாவது வழியைத் திறந்துவிட்டது. 2020 நவம்பரில் மத்திய தொலைத்தொடர்புத் துறை கால்சென்டர் போன்ற நிறுவனங்களுக்கான விதிகளைத் தளர்த்தியது. 2022 ஜூலையில் மத்திய வர்த்தக அமைச்சகம் சிறப்புப் பொருளாதார மண்டல விதிகளில் 43ஏ என்ற புதிய விதியைச் சேர்த்தது. வீட்டிலிருந்து வேலை பார்க்க யாரையெல்லாம் அனுமதிக்கலாம் என்ற அதன் பட்டியலில் தகவல் தொழில்நுட்ப ஊழியர்கள், பயணத்தில் இருப்பவர்கள் ஆகியோருடன் 'தற்காலிகமாக உடல் இயலாதவர்கள்' என்ற பிரிவும் இடம்பெற்றது.

நல்ல நோக்கம்தான். ஆனால் அலுவலகத்துக்கு வர இயலாதவர் வேறு, வேலை செய்ய இயலாதவர் வேறு. கணுக்கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டிருப்பவர் முதல் வகை. அவருக்குத் தலை தெளிவாக இருக்கிறது, படியேறத்தான் முடியாது. வீட்டிலிருந்து வேலை என்பது அவருக்கு வரப்பிரசாதம். மூன்று நாளாக ஜுரத்தில் கிடப்பவர் இரண்டாம் வகை. இந்த இருவரையும் ஒரே தராசில் நிறுத்தும்போதுதான் சிக்கல் ஆரம்பமாகிறது.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பது ஒரு பிரச்சினையை உண்மையிலேயே தீர்த்துவிட்டது: தொற்று. இருமுகிறவர் வீட்டில் இருந்தால் பக்கத்து நாற்காலிக்காரர் தப்பிப்பார். ஆனால் நோயாளியின் நோய் அதனால் தீராது. 2023 ஜூலையில் டெல்லியிலும் வேறு பல நகரங்களிலும் 'மெட்ராஸ் ஐ' எனப்படும் கண் நோய் பரவியது நினைவிருக்கலாம். அப்படிக் கண் சிவந்தவரை அலுவலகத்துக்கு வர வேண்டாம் என்பார்கள். வீட்டில் அவர் செய்ய வேண்டியதோ, சிவந்த அதே கண்களால் எட்டு மணி நேரம் திரையைப் பார்ப்பது. சக ஊழியர்களுக்குப் பாதுகாப்பு, கண்ணுக்கு இல்லை.

இந்தியச் சட்டம் இந்த விஷயத்தில் முன்பு குழப்பமில்லாமல் இருந்தது. 1948-ம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தின்படி, அதாவது ஈ.எஸ்.ஐ. திட்டத்தில், நோயுற்ற தொழிலாளிக்கு ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 சதவீதம் கிடைத்தது. ஆனால் அவர் வேலை செய்த எந்த நாளுக்கும் இந்தத் தொகை கிடையாது என்றது 63-வது பிரிவு. சிகிச்சையில் இருக்கும்போது குணமடைவதைத் தாமதப்படுத்தும் எதையும் செய்யக்கூடாது என்றது 64-வது பிரிவு. அதாவது, ஒரு நாள் என்பது நோய் நாள் அல்லது வேலை நாள். இரண்டுமாக இருக்க முடியாது. 1948-ன் சட்டம் இப்போது 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அடங்கிவிட்டது. லேப்டாப்பும் கையுமாக இருப்பவர்களில் பெரும்பாலோர் ஈ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருவதும் இல்லை. 2017-ல் அந்த வரம்பு மாத ஊதியம் 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அவர்கள் அதற்கும் மேல் வாங்குபவர்கள்.

அவர்களுக்குத் துணை, மாநிலங்களின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டங்கள். டெல்லியின் 1954-ம் ஆண்டுச் சட்டம் நோய்க்கோ தற்செயல் தேவைக்கோ ஆண்டுக்கு 12 நாள் சம்பளத்துடன் விடுப்பு தருகிறது. கர்நாடகத்தின் 1961-ம் ஆண்டுச் சட்டத்திலும் நோய் விடுப்பு 12 நாள்தான். அந்தப் பன்னிரண்டை யாரும் நோய்க்கு மட்டும் செலவழிப்பதில்லை. குழந்தைக்கு வாந்தி வந்தால் வேண்டும், மாமியாருக்குக் கண் அறுவைச் சிகிச்சை என்றால் வேண்டும். ஜனவரியில் வந்த ஜுரத்துக்கு நான்கு நாளைச் செலவழித்துவிட்டால் டிசம்பர் வரை எப்படித் தாக்குப் பிடிப்பது? ஆண்டு மதிப்பீட்டில் 'அடிக்கடி வராதவர்' என்று எழுதிவிட்டால்? வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன் என்று ஒரு வரி அனுப்பினால் லீவும் மிச்சம், நல்ல பெயரும் மிச்சம். உடம்புதான் செலவு.

அந்தச் செலவு சில நோய்களில் அதிகமாகிவிடும். டெங்கு நல்ல உதாரணம். 2024 செப்டம்பரில் கர்நாடக அரசு அதைக் கொள்ளைநோயாக அறிவிக்கும் அளவுக்கு நிலைமை மோசமானது. டெங்குவில் ஜுரம் இரண்டு முதல் ஏழு நாள் வரை அடிக்கும். பிறகு இறங்கும். மருந்தும் விருந்தும் மூன்று நாள் என்று பழகிய நம் ஆட்கள், ஜுரம் விட்டதும் குளித்துவிட்டுக் கணினி முன் உட்காருகிறார்கள். ஆனால் டெங்குவின் ஆபத்தான கட்டமே அப்போதுதான் தொடங்குகிறது. ஜுரம் இறங்கும் தறுவாயில், அடுத்த 24 முதல் 48 மணி நேரத்துக்குள், சிலருக்கு ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் குறையும். கடும் வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தக் கசிவு, அசாத்தியச் சோர்வு ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள். மீட்டிங்கில் மூழ்கியிருப்பவர் சோர்வை வேலைக் களைப்பு என்றே எடுத்துக்கொள்ளக்கூடும்.

பாராசிட்டமாலும் ஏமாற்றும். மாத்திரை போட்ட சிறிது நேரத்தில் ஜுரம் இறங்கும், உடம்பு லேசாகும். நோய் போகவில்லை, ஜுரம் மட்டும் தணிந்திருக்கிறது. அந்த நான்கு மணி நேரத் தெம்பை நம்பி, மாலை ஆறு மணிக்குள் முடித்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுப்பவர்கள் ஏராளம். தெம்பை அளக்க வேண்டியது மாத்திரையின் வேகம் அடங்கிய பிறகுதான்.

நோயோடு உழைப்பதன் நீண்டகால விளைவு பற்றி லண்டன் அரசு ஊழியர்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 2005-ல் வெளியானது. ஏற்கெனவே உடல்நலம் குன்றியிருந்த ஆண்களில், அளவோடு நோய் விடுப்பு எடுத்தவர்களைவிட, விடுப்பே எடுக்காதவர்களுக்கு மாரடைப்பு போன்ற கடும் இதய நோய் சுமார் இரு மடங்கு ஏற்பட்டிருந்தது. லேப்டாப் யுகத்துக்கு முந்தைய தகவல்கள்தான் அவை. விடுப்பு எடுக்காததே காரணம் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. ஆனால் லீவே போடாதவர்தான் ஆரோக்கியமானவர் என்ற நம்பிக்கையை ஆட்டம் காணச் செய்தது அது.

உடம்பு மட்டுமல்ல, வேலையும் கெடுகிறது. இக்கட்டுரையாளரின் அனுபவமே சாட்சி. சில ஆண்டுகளுக்கு முன் ஜுரத்தோடு படுக்கையில் சாய்ந்தபடி ஒரு மருந்துக் குறிப்பைத் தமிழில் பெயர்த்தபோது, 'உணவுக்குப் பின்' என்று வர வேண்டிய இடத்தில் 'உணவுக்கு முன்' என்று விழுந்துவிட்டது. திரும்பத் திரும்பப் படித்தும் கண்ணில் படவில்லை. மெய்ப்பு பார்த்தவர் கண்டுபிடித்ததால் யார் வயிறும் புண்ணாகவில்லை. ஒரு நாள் தாமதம் என்றால் மன்னிப்புக் கேட்டுச் சமாளித்திருக்கலாம். தவறான பக்கம் அச்சேறியிருந்தால் யாரிடம் மன்னிப்புக் கேட்பது? வங்கிக் கணக்கில் ஒரு பூஜ்யம், மென்பொருளில் ஒரு வரி என்று ஒவ்வொரு தொழிலுக்கும் இப்படி ஒரு முன்னும் பின்னும் உண்டு.

பெண்களுக்கு இது இரட்டைச் சுமை. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2024-ம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் செலவிடுவது 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். ஜுரம் என்று வீட்டில் இருக்கும் மனைவி கண்ணெதிரில் இருக்கிறார். எனவே பால் குக்கரும் கூரியர்காரரும் குழந்தையின் வீட்டுப்பாடமும் அவரைத் தேடியே வருகின்றன. லீவு என்று சொன்னாலாவது படுத்துக்கொள்ள ஒரு நியாயம் கிடைக்கும். வீட்டிலிருந்து வேலை என்றால் இரண்டு வேலையும் சேர்ந்துகொள்ளும்.

இது படித்த நகரவாசிகளின் பிரச்சினை மட்டும்தானா? வீட்டிலிருந்து வேலை என்பதை லேப்டாப் கண்டுபிடிக்கவில்லை. பீடி சுற்றும் பெண்களும் ஊதுபத்தி உருட்டும் பெண்களும் தலைமுறைகளாக அதைத்தான் செய்கிறார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி; ஜுரத்தில் சுற்றாத பீடிக்குக் காசு கிடையாது. 1972-ல் அகமதாபாத்தில் எலா பட் தொடங்கிய சேவா அமைப்பு இத்தகைய பெண்களை ஒன்று சேர்த்தது. வீட்டிலிருந்து உழைப்பவர்களுக்கும் மற்றத் தொழிலாளர்களுக்குச் சமமான உரிமை வேண்டும் என்று 1996-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஓர் உடன்படிக்கையும் கொண்டுவந்தது. முற்றத்தில் முறத்தோடு உட்கார்ந்திருப்பவருக்கு நோய் நாள் என்று ஒன்று இருந்ததே இல்லை. சம்பளத்தோடு கூடிய அந்த நாளை உரிமையாகப் பெற்றிருக்கும் அலுவலக ஊழியர், அதைத் தானாகவே கைவிடுவதுதான் விசித்திரம்.

அப்படியானால் ஒருபோதும் வேலை பார்க்கக் கூடாதா? அப்படியில்லை. மாவுக்கட்டு போட்டவரைப் போலவே, காசநோய்க்கு மருந்து தொடங்கியவருக்கும் இது உதவும். பொதுவாக இரண்டு வாரச் சிகிச்சையில் தொற்றும் அபாயம் வெகுவாகக் குறையும், ஆனால் மருந்து ஆறு மாதம் தொடர வேண்டும். மருத்துவர் சம்மதித்தால், நேரத்தைக் குறைத்துக்கொண்டு வீட்டிலிருந்து பார்ப்பது வேலையையும் காக்கும், மனதையும் காக்கும். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களில் பலர் தாங்களாகவே வேலையை விரும்புவதும் உண்டு. அவர்களுக்கு அது நோயை மறக்கும் சில மணி நேரம்.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி 'உட்கார முடியுமா?' என்பது அல்ல. வேலை இல்லாவிட்டால் இந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருப்பேன் என்பது முதல் கேள்வி. தூங்கிக்கொண்டிருப்பேன் என்றால் விடுப்புதான் சரி. இன்று நான் செய்யும் தவறு யாரைப் பாதிக்கும் என்பது இரண்டாவது. இந்த வேலை நாளைக்கு நிற்குமா, நிற்காதென்றால் வேறு யார் செய்வார் என்பது மூன்றாவது. பெரும்பாலான வேலைகள் நிற்கும்.

வேலை பார்ப்பது என்றே முடிவானால், அதற்கும் ஒரு வரம்பு வேண்டும். காலையில் இரண்டு மணி நேரம், இந்த ஒரு வேலை மட்டும், அதன் பிறகு போன் எடுக்க மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லி, மீதிக்கு அரை நாள் விடுப்பு எழுதிவிடலாம். நிறுவனங்களின் பங்கு இதைவிட எளிது. நோய் விடுப்பில் இருப்பவருக்குச் செய்தி அனுப்பாமல் இருந்தால் போதும். அலுவலக நேரத்துக்குப் பின் அழைப்பை ஏற்க மறுக்கும் உரிமை கோரி 2018-ல் மக்களவையில் சுப்ரியா சூலே ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. நோய் நாளுக்காவது அந்த உரிமையைத் தர எந்த மசோதாவும் தேவையில்லை. மேலதிகாரி தான் ஜுரத்தில் விழும்போது லீவு போட்டுக் காட்டினாலே பாதி சரியாகிவிடும்.

பள்ளியில் நாம் எல்லோரும் எழுதிப் பழகிய முதல் விண்ணப்பம் விடுப்புக் கடிதம்தான். காய்ச்சல் காரணமாக இரண்டு நாட்கள் விடுப்பு அளிக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன் என்று ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதியது. அந்த ஒரு வாக்கியத்தில் என்ன நோய், எத்தனை நாள், என்ன வேண்டும் என்று மூன்றும் இருந்தன. வாட்ஸ்அப்பில் இன்று போகும் செய்தியில் இந்த மூன்றுமே தெளிவாக இல்லை. அடுத்த முறை தெர்மாமீட்டர் 101 காட்டும்போது, அந்தப் பழைய கடிதத்தை ஒருமுறை எழுதிப் பார்க்கலாம். அந்தத் தாழ்மை மட்டும் இப்போது தேவையில்லை.