பூனையின் பித்தத்தில் ஒளிந்திருக்கும் கிருமி

நாய்க்குப் பித்தநாளமும் கணையத்தின் முக்கிய நாளமும் குடலில் தனித்தனியே திறக்கின்றன. பெரும்பாலான பூனைகளுக்கு இரண்டும் சேர்ந்து ஒரே வாசலாகத் திறக்கின்றன. குடலில் சாதுவாக வாழும் ஈ.கோலை, என்டரோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் அந்த வழியே மேலேறிவிட்டால் பித்தநாளம், கல்லீரல், கணையம் மூன்றிலும் அழற்சி வரலாம். பூனை சாப்பாட்டை மோந்துவிட்டு நகர்ந்துவிடும். வாந்தி, காய்ச்சல் வரும். ஈறும் காது மடலின் உட்புறமும் மஞ்சளாகும்.

சிகிச்சை பெரும்பாலும் அமாக்சிசிலின்-கிளாவுலனேட்டில் தொடங்கும். கேட்கவில்லையென்றால் அடுத்த மாத்திரை, அதற்கடுத்தது என்று மாற்றிக்கொண்டே போவதில் எனக்கு உடன்பாடில்லை. என்டரோகாக்கஸுக்கு செஃபலோஸ்போரின் வகை மருந்துகள் இயல்பாகவே உறைக்காது. எத்தனை நாள் கொடுத்தாலும் வீண். எந்தக் கிருமி என்று தெரிய வேண்டுமானால் பித்தத்தையே எடுத்துப் பார்க்க வேண்டும். கல்லீரல் துணுக்கைவிட பித்தத்தில்தான் கிருமி அதிகம் அகப்படுகிறது.

முதலில் ரத்தம் சரியாக உறைகிறதா என்று பார்ப்பார்கள். பித்தம் அடைபட்டால் வைட்டமின் கே உடலில் சேராது. அதனால் தேவைப்பட்டால் அதை ஊசியாகப் போடுவார்கள். பிறகு பூனையை மயக்கி, ஸ்கேன் திரையைப் பார்த்தபடியே மெல்லிய ஊசியைப் பித்தப்பைக்குள் செலுத்துவார்கள். உள்ளிருப்பதை முடிந்தவரை உறிஞ்சிவிடுவது நல்லது, துளை வழியே கசியாது. அந்தப் பித்தத்தில் ஒரு சொட்டு நுண்ணோக்கிக்குப் போகும். மீதி ஆய்வகத்துக்கு; காற்றில் வளரும் கிருமி, காற்றில்லாமல் வளரும் கிருமி இரண்டையும் அங்கே வளர்த்து, எந்த மருந்துக்கு எது மசிகிறது என்று சோதிப்பார்கள்.

கிருமி வழக்கமான மருந்துகளுக்கு மசியவில்லை என்று சோதனை சொன்னால், மிஞ்சும் மருந்துகள் சுலபமானவை அல்ல. அமிகாசின் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். என்ரோஃப்ளாக்சசின் அளவு மீறினால் பூனையின் விழித்திரை கெட்டுப் பார்வையே போகலாம். கார்பபெனம் போன்ற கடைசிக் கட்ட மருந்துகளை மனிதர்களுக்கென்றே ஒதுக்கி 2022-ல் ஐரோப்பிய ஒன்றியம் விதி செய்தது. அங்கே பூனைக்கு அவை கிடையாது. நாளத்தைக் கல் அடைத்திருந்தால் எந்த மருந்தும் பலிக்காது, அறுவை சிகிச்சைதான்.

இதற்கிடையே பூனையைப் பட்டினி போடக் கூடாது. சில நாள் உணவு இறங்காவிட்டாலே, குறிப்பாகக் குண்டுப் பூனைக்கு, உடற்கொழுப்பு கல்லீரலில் போய்ப் படிந்து அதுவே தனி நோயாகிவிடும். எனவே கழுத்து வழியாக உணவுக்குழாயில் ஒரு குழாயைப் பொருத்திக் கூழாக்கிய உணவை ஊட்டுவார்கள். குழாய் இருக்கும்போதே பூனை வாயாலும் சாப்பிடலாம். போதிய அளவு தானாகச் சாப்பிடத் தொடங்கிய பிறகுதான் அதைக் கழற்றுவார்கள்.