அரத்தைக் கையில் எடுக்கும் முன்

அமெரிக்காவில் விமானத்தைப் பெட்டி பெட்டியாக வாங்கி, வீட்டுக் கராஜிலேயே கட்டிப் பறப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். வேலையில் பாதிக்கு மேல், கற்பதற்காகவோ பொழுதுபோக்காகவோ அதில் இறங்கியவர்களின் கையால் நடந்திருக்க வேண்டும் என்பது சட்டம். ‘51 சதவீத விதி’ என்பார்கள். பலர் யோசிக்காத மறுபக்கம் ஒன்று இதற்கு உண்டு. விமானத்தின் பெயர்ப்பலகையில் உற்பத்தியாளராகப் பொறிக்கப்படுவது கிட் விற்ற கம்பெனி அல்ல, கட்டியவர். தகட்டின் ஓரத்தில் விட்ட பிசிறுக்கும் அவரே பொறுப்பு.

பிசிறு சின்ன விஷயம் போலத்தான் தெரியும். கிட்டில் வரும் தகடு பெரும்பாலும் 2024-டி3 ஆல்கிளாட் என்ற அலுமினியம், அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் கனத்தில். பஞ்சிங் மெஷினில் வெட்டிய ஓரம் பார்வைக்கு வழவழவென்றிருக்கும்; நகத்தை ஓட்டினால் தடுக்கும். தடுக்கிற இடத்தில் விசை குவிகிறது. எஞ்சின் அதிர்வில் நாளடைவில் விரிசல் விட்டால் அங்கிருந்துதான் கிளம்பும். மெல்லிய அரத்தால் பிசிறை எடுத்து, ஸ்காட்ச்-பிரைட்டால் மழமழப்பாக்க வேண்டும். தேய்ப்பது ஓரத்தின் நீளவாக்கில் இருக்கட்டும். குறுக்கே தேய்த்தால் ஒவ்வொரு கீறலும் விரிசலுக்குப் போட்டுக்கொடுத்த பாதை. மடிப்புகள் சந்திக்கும் உள்மூலைகளை அவசரக்காரர்கள் விட்டுவிடுவார்கள். அங்கேதான் கவனம் அதிகம் தேவை. குறியிடப் பென்சில் வேண்டாம். கிராஃபைட் பட்ட அலுமினியம் ஈரத்தில் அரிக்கும். ஷார்ப்பி பேனா போதும்.

ஒரு தகடு இன்னொன்றின் மேல் ஏறும் இடத்தில், மேல்தகட்டின் ஓரத்தை உருளைக் கருவியால் இழுத்து இம்மி அளவு கீழே வளைப்பார்கள். இல்லாவிட்டால் ரிவெட் அடித்தபின் இடையிடையே ஓரம் உதடு பிதுக்கினாற்போல் தூக்கிக்கொள்ளும். தூரத்திலிருந்தே மடிப்பு கண்ணுக்குத் தெரிகிறதென்றால் வளைவு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். முதலில் கழிவுத்தகட்டில் பழகுங்கள். அரம் போடும்போதும் ஒரு கணக்கு உண்டு. ரிவெட்டின் மையத்திலிருந்து ஓரம் வரை, ரிவெட் விட்டத்தைப் போல் இரண்டு மடங்காவது தகடு மிஞ்ச வேண்டும். 3/32 அங்குல ரிவெட்டுக்கு அது 3/16 அங்குலம். அதைத் தேய்த்துத் தீர்த்துவிட்டால் திரும்பி வராது, பாகத்தையே மாற்ற வேண்டும்.

தவறு கட்டுபவரிடமே இருக்க வேண்டும் என்றில்லை. ஒரேகான் மாநிலத்து வான்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனம், ஆர்டர்கள் குவிந்தபோது சில பாகங்களை லேசரில் வெட்டிக் கொடுத்தது. துளைக்கும் ஓரம் உண்டல்லவா? லேசர் சுற்றி வந்து முடித்த இடத்தில் சிறு வடு விழுந்தது. ரிவெட் தலை பதிய அந்தத் துளையை டிம்பிள் செய்தபோது சிலவற்றில் விரிசல் விட்டது. 2023-இல் இது வெடித்தது. பாகங்களை மாற்றித் தர முன்வந்த நிறுவனம், அந்த டிசம்பரிலேயே திவால் சட்டத்தின் 11-ஆம் அத்தியாயத்தின்கீழ் பாதுகாப்புக் கோரியது. முன்பணம் கட்டியவர்களிடம், கூடுதல் விலைக்குச் சம்மதித்தால் கிட் வரும் என்றது. மறுத்தவர்கள் கடன்காரர்கள் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. 2024-இல் நிறுவனம் மீண்டு வந்தது.

அந்த வரிசையிலும் ஓர் உரிமை உண்டு. சொந்த உபயோகத்துக்காக முன்பணம் கட்டியவருக்கு, ஒரு வரம்பு வரை மற்றப் பிணையில்லாக் கடன்காரர்களுக்கு முந்திய இடம் கிடைக்கும். 2025 ஏப்ரலிலிருந்து அந்த வரம்பு 3,800 டாலர். கிட் விலைக்கு முன் இது சொற்பம்தான். கோரிக்கைப் படிவத்தை நீதிமன்றம் குறித்த தேதிக்குள் கொடுக்க வேண்டும்; கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. கிரெடிட் கார்டில் கட்டியவர்கள் பொருள் வரவில்லையென்று ஆட்சேபிக்கலாம், ஆனால் தொகை பதிவான ஸ்டேட்மென்ட் வந்த 60 நாளுக்குள். கிட்டுக்குக் காத்திருப்பதோ பல மாதம், எனவே இந்த வழி பெரும்பாலும் ஏட்டளவுதான். முன்பணத்தைத் தவணையாகப் பிரித்துக் கட்டக் கேட்பது என் கணக்கில் இதைவிட உருப்படியான தற்காப்பு.

பொருளே குறையுள்ளதாக வந்தால்? பெரும்பாலான மாநிலங்களின் வணிகச் சட்டப்படி, குறை தெரிந்ததும் நியாயமான காலத்துக்குள் விற்றவருக்குத் தெரிவிக்க வேண்டும். தவறினால் பரிகாரம் கேட்கும் உரிமையே போய்விடும். ஏற்றுக்கொண்ட பொருளைத் திருப்பித் தருவதென்றால், அதன் நிலை பெரிதாக மாறுவதற்குள் செய்ய வேண்டும். அரம் போட்டு, வளைத்து, ரிவெட் அடித்த தகட்டை வைத்துக்கொண்டு வாதாடுவது கடினம். ஆகவே பெட்டி வந்தவுடன் ஒவ்வொரு ஓரத்தையும் துளையையும் பூதக்கண்ணாடியில் பாருங்கள், பாக எண்ணோடு படமெடுங்கள், பிறகு வேலையைத் தொடங்குங்கள். ஒப்பந்தத்தில் ‘உள்ளது உள்ளபடி’ என்றிருந்தால் உத்தரவாதம் பெரும்பாலும் கைவிட்டுப் போயிருக்கும். கையெழுத்துக்கு முன்பே படித்துவிடுங்கள்.

அரசுப் பரிசோதகர் முடிந்த விமானத்தைத்தான் பார்ப்பார்; மூடிய இறக்கைக்குள் இருக்கும் ஓரம் அவர் கண்ணில் படாது. எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷனின் தொழில்நுட்ப ஆலோசகர்கள் தன்னார்வலர்கள், கட்டணம் வாங்குவதில்லை. இறக்கையை மூடும் முன் ஒருவரை அழைத்துக் காட்டி, அவர் சொன்னதைக் கட்டுமானப் பதிவேட்டில் எழுதி வையுங்கள். பின்னாளில் விமானத்தை விற்றாலும் பெயர்ப்பலகையில் உங்கள் பெயர் அப்படியே இருக்கும். விபத்தென்றால் வழக்கு உங்களைத் தேடி வரலாம். விற்பனைப் பத்திரத்தைப் போடும் முன் வக்கீலிடம் காட்டுங்கள். கட்டுமானப் பதிவேட்டின் நகல் ஒன்றும் உங்களிடமே இருக்கட்டும்.