இது எந்த வெள்ளம்?

பழைய புகைப்படத்தின் பின்புறம் யாரோ பென்சிலால் ஒரு வருடத்தை எழுதியிருந்தால், அதை உடனே நம்பிவிடாதீர்கள். அது பல காலம் கழித்து நினைவிலிருந்து எழுதியதாக இருக்கலாம். படத்தில் நிற்கும் பாலம் அதைவிட நல்ல சாட்சி.

ஓர் உதாரணம் பார்ப்போம். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், ஷெனாண்டோவா ஆறு போட்டோமாக்கில் கலக்கும் இடத்தில் இருக்கிறது ஹார்ப்பர்ஸ் ஃபெரி. இரண்டு ஆறுகள் கூடும் ஊர். வெள்ளத்துக்குக் கேட்கவா வேண்டும்? பால்டிமோர்–ஒஹையோ ரயில்பாதை இங்கே முதலில் மரப்பாலத்தில்தான் போட்டோமாக்கைக் கடந்தது. உள்நாட்டுப் போரின்போது, 1861இல், தென்மாநிலப் படை அதைத் தகர்த்தது. வெண்டல் போல்மன் வடிவமைத்த இரும்புப் பாலம் 1870இல் முழுமையாக எழுந்தது. தூண்களின் மேலிருந்து இரும்புக் கம்பிகள் விசிறிபோல் சரிந்து இறங்கும். மங்கலான படத்திலும் அடையாளம் தெரியும். 1894இல் ரயில் பக்கத்துப் புதுப் பாலத்துக்கு மாறியது, பழையது சாலைப் பாலமானது. 1931இல் இன்னொரு ரயில் பாலமும் சேர்ந்தது.

ஆகவே பாலங்களை எண்ணுங்கள். ஒன்று மட்டும் என்றால் 1894க்கு முன். இரண்டு, அவற்றில் ஒன்று போல்மன் பாலம் என்றால் 1931க்கு முன். ஆனால் படம் எடுத்த கோணம் ஒரு பாலத்தை மறைத்திருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது.

பாலம் வருடங்களின் எல்லையைத்தான் சொல்லும். நாளைச் சொல்வது வெள்ளம். போல்மன் பாலம் தனியாக நின்ற காலத்தில் வந்த பெருவெள்ளங்களில் இரண்டு: 1877 நவம்பர், 1889 ஜூன். இந்த இரண்டுக்கும் இடையில் தீர்ப்புச் சொல்ல ஆற்றைவிடக் கரையோர மரங்களே போதும். இலையுதிர்ந்த மொட்டை மரம் என்றால் நவம்பர், பச்சை அடர்ந்திருந்தால் ஜூன். தண்ணீரும் பேசும். 1877இல் படம்பிடிக்கப் பயன்பட்ட ஈரக் கண்ணாடித் தகட்டுக்குப் பெரும்பாலும் சில விநாடி ஒளி வேண்டும்; அதற்குள் அலைகள் குழைந்து புகைப்படலமாகிவிடும். 1880களில் பரவிய உலர் தகடு, சுழலையும் மிதந்துவரும் கட்டையையும் அப்படியே பிடித்தது.

மூன்று பாலங்களும் வெள்ளத்தில் நின்றால் பெரும்பாலும் 1936 மார்ச். அந்த வெள்ளம் 36 அடிக்கு மேல் ஏறிப் போல்மன் பாலத்தை அடித்துச் சென்றது. அதனால் பாலம் விழுவதற்கு முந்தைய மணிநேரங்கள்வரை நெருங்கிவிடலாம். 1942 அக்டோபர் வெள்ளத்தின்போது அந்தப் பாலமே இல்லை.

இவ்வளவும் படம் எடுத்த தேதிக்குத்தான். கையில் உள்ள பிரதி எப்போது அச்சானது என்பது வேறு கேள்வி. 1889இன் கண்ணாடித் தகட்டிலிருந்து 1920களிலும் புதுப் பிரதி எடுத்திருக்கலாம். அதற்குத் தாளையும் ஒட்டிய அட்டையையும்தான் சோதிக்க வேண்டும்.